அளவுகோலையும் அளத்தல்

சந்தைக்குச் செல்லும் மக்கள் பொருளை உற்று நோக்குகின்றனர். அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கின்றனர். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றனர். விலையைக் கேட்டு, அதனைக் குறைக்கவும் முயல்கின்றனர். ஆனால், அப்பொருளை நிறுக்கும் துலாக்கோலை உற்று நோக்குபவர் மிகச் சிலரே. கோல் கோடியிருந்தால் பொருள் நல்லதாய் இருந்தும் பயன் என்ன? எடைக்கல் குறைந்திருந்தால் விலை மலிவாய் இருந்தும் பயன் என்ன? பொருளை ஆராயும் அறிவோடு, பொருளை அளக்கும் கருவியை ஆராயும் அறிவும் மக்களுக்கு வேண்டும். இவ்விரண்டனுள் பின்னதே அரியது. பின்னதே முதற்கண் வேண்டுவது.

இவ்வுண்மை சந்தைக்கு மட்டும் உரியதன்று. இணையம் என்னும் பெரும்பரப்பிற்கும் இது பொருந்தும். அங்கே ஒரு வலைத்தளம் மற்றொரு வலைத்தளத்தைச் சுட்டிக் காட்டுவது உண்டு. படிப்பவர் அச்சுட்டின்மேல் விரலை வைத்து அழுத்தினால் மற்றத் தளம் கண்முன் தோன்றும். இச்சுட்டினை இணைப்பு என்பர். ஒரு தளத்தை நோக்கிப் பிற தளங்களிலிருந்து வரும் இணைப்பினைப் ‘பேக்லிங்க்’ என்பது இத்துறையார் வழக்கு. உள்வரும் இணைப்பு என்று அதனைத் தமிழில் கூறலாம். பார்ப்பதற்கு இது மிகச் சிறியது. ஒரு சொல்லின்கீழ் இட்ட ஒரு கோடு. ஆயினும், ஒரு தளம் மக்கள் கண்ணிற்படுவதும் படாமற்போவதும் பெரும்பாலும் இச்சிறு கோடுகளைச் சார்ந்திருக்கின்றன.

இந்நிலை எவ்வாறு வந்தது என்பதை அறிதல் வேண்டும். அறிவியல் அறிஞர் ஒருவர் கட்டுரை எழுதும்பொழுது, தமக்கு உதவிய முந்தைய கட்டுரைகளைக் குறிப்பிடுவது மரபு. பலரால் குறிப்பிடப்பெற்ற கட்டுரை பயன்மிக்கதாக இருத்தல்கூடும். அமெரிக்க அறிஞர் யூஜின் கார்ஃபீல்டு இக்கருத்தினை 1955-ஆம் ஆண்டில் ‘சயின்ஸ்’ என்னும் இதழில் விளக்கினார்; 1964-இல் அறிவியல் மேற்கோள் அடைவு ஒன்றனையும் வெளியிட்டார். பல்லாண்டுகள் கழிந்தபின், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்ற லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இரு மாணவர்கள் அதே கருத்தினை வலைத்தளங்களுக்குப் பொருத்திப் பார்த்தனர். அவர்கள் 1996-இல் தொடங்கிய ஆராய்ச்சிக்குப் ‘பேக்ரப்’ என்று பெயர்; உள்வரும் இணைப்புகளை ஆராய்ந்தமையால் வந்த பெயர் அது. அதுவே 1998-இல் கூகுள் நிறுவனமாக மலர்ந்தது.

அவர்கள் கண்ட நெறி எளியது, அழகியது. ஒரு தளம் தன்னைப் பற்றித் தானே கூறுவதைத் தேடுபொறி அப்படியே நம்பவில்லை. ‘யானே சிறந்த மருத்துவன்’ என்று எவனும் எழுதிக் கொள்ளலாம். அவனைப் பற்றிப் பிறர் யாது கூறுகின்றனர் என்பதே வினா. பிற தளங்களின் இணைப்புகள் சாட்சிகள் ஆயின. எல்லாச் சாட்சியும் ஒரு நிறையின அல்ல என்பதையும் அவர்கள் உணர்ந்தனர். பலரால் மதிக்கப்பெறும் தளம் ஒன்று கூறும் சாட்சி, எவரும் அறியாத தளம் ஒன்று கூறும் சாட்சியினும் நிறை மிக்கது எனக் கொண்டனர். ஊரார் மதிக்கும் பெரியவர் ஒருவர் சொல்லுக்கும், வழிப்போக்கன் ஒருவன் சொல்லுக்கும் உள்ள வேறுபாடே இது.

ஆனால், சாட்சிக்கு மதிப்பு உண்டு என்பது வெளிப்பட்டவுடனே பொய்ச்சாட்சியும் தோன்றிற்று. இது புதுமையன்று, வழக்குமன்றம் தோன்றிய நாள்தொட்டு உள்ளதே. இணைப்புகளை விலைக்கு விற்போர் தோன்றினர். ஒருவரே நூற்றுக்கணக்கான வெற்றுத் தளங்களை அமைத்து, அவை ஒன்றையொன்று சுட்டுமாறு செய்தனர். ‘வேலிக்கு ஓணான் சாட்சி’ என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான காட்சி வேறில்லை. பிறர் எழுதிய கட்டுரைகளின் கீழ்க் கருத்துரை என்னும் பெயரால் தம் தளத்தின் முகவரியைத் தூவிச் சென்றோரும் உளர். இக்கேட்டினைத் தடுக்கவே, ‘இவ்விணைப்பைச் சாட்சியாகக் கொள்ளற்க’ என்று தேடுபொறிக்கு உணர்த்தும் ‘நோஃபாலோ’ என்னும் குறியினைக் கூகுள், யாகூ, எம்.எஸ்.என். ஆகிய மூன்றும் 2005-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஏற்றுக் கொண்டன.

பொய்ச்சாட்சியின் முடிவு யாது என்பதற்கு ஒரு சான்று காட்டலாம். ஜே. சி. பென்னி என்பது அமெரிக்காவின் பெரிய பல்பொருள் அங்காடி நிறுவனங்களுள் ஒன்று. ஒரு காலத்தில், உடைகள், படுக்கை விரிப்புகள் போன்ற பொதுவான சொற்களைத் தேடியவர்க்கெல்லாம் அதன் தளமே முதற்கண் தோன்றிற்று. ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் அதன் காரணத்தை ஆராய்ந்து 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்டது. உடைக்கும் விரிப்பிற்கும் சிறிதும் தொடர்பில்லாத தளங்கள் பலவற்றில் அந்நிறுவனத்தைச் சுட்டும் இணைப்புகள் பதிக்கப்பெற்றிருந்தன. நாயைப் பற்றிய தளமும், பல் மருத்துவரைப் பற்றிய தளமும் உடைக்குச் சாட்சி கூறின! தாங்கள் அவ்விணைப்புகளை இடச் செய்யவில்லை என்று நிறுவனத்தார் கூறினர். தமக்குத் தேடுபொறிப் பணி செய்து வந்தவரையும் நீக்கினர். ஆயினும், கூகுள் நடவடிக்கை எடுத்தது. முதலிடத்தில் நின்ற பெயர் மிகக் கீழே சென்றது.

அடுத்த ஆண்டு, 2012 ஏப்ரலில், ‘பெங்குவின்’ என்று பெயர் பெற்ற ஒரு மாற்றத்தைக் கூகுள் தன் கணிப்பு முறையில் செய்தது. ஆங்கிலத்தில் நடைபெறும் தேடல்களுள் ஏறத்தாழ 3.1 விழுக்காடு அதனால் மாறும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. விலைக்கு வாங்கிய இணைப்புகளால் உயர்ந்திருந்த பல தளங்கள் தாழ்ந்தன. பொய்யும் தன் உருவை மாற்றிக் கொண்டே வருகின்றது. மூடப்பெற்ற பழைய நிறுவனங்களின் தளப்பெயர்களை வாங்கி, அவற்றின் பழைய நற்பெயரைக் காட்டிப் பிழைப்போர் உளர். இறந்தவர் கையெழுத்தில் பத்திரம் எழுதுவது போன்றது இது. இதனையும் ஒரு முறைகேடு என 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில் பெயர் சுட்டிச் சேர்த்தது.

எனவே, தளம் வைத்திருப்பவர் ஒவ்வொருவர்க்கும் ஒரு கடமை உண்டாயிற்று. தமக்குச் சாட்சி கூறுவோர் யாவர் என்பதை அவர் அறிதல் வேண்டும். ஆனால், ஒரு தளத்தை எங்கிருந்து யார் சுட்டுகின்றனர் என்பது அத்தளத்தைப் பார்த்த அளவில் விளங்குவதன்று. வலைப்பரப்பு முழுவதையும் தேடினாலன்றி அது புலப்படாது. அப்பணியைச் செய்ய இணைப்பறியும் கருவிகள் தோன்றின. இங்கிலாந்தின் மெஜஸ்டிக், சிங்கப்பூரின் ஏரெஃப்ஸ், அமெரிக்காவின் மாஸ் முதலியன இவ்வகையில் பல்லாண்டுகளாக அறியப்பட்டவை. கிராலர் எனப்படும் நிரல்கள் பக்கம் பக்கமாக வலையில் ஊர்ந்து செல்கின்றன. கண்ட இணைப்புகளைக் குறித்துக் கொள்கின்றன. அக்குறிப்புகளே பெரும் பட்டியலாகத் திரள்கின்றன. இதற்குக் கணிப்பொறிகள் பல வேண்டும், மின்சாரம் வேண்டும், பொருட்செலவும் உண்டு. ஆதலின், இத்தகைய பணி முழுவதும் விலையின்றிக் கிடைக்கும் என எதிர்பார்த்தல் அரிது.

இங்கேதான் இடர் தொடங்குகின்றது. உண்மையான கருவிகளுக்கு அருகிலேயே போலிக் கருவிகளும் கடை விரித்துள்ளன. ‘எல்லாம் இலவசம், நொடியில் விடை’ என்று அவை அழைக்கின்றன. அவற்றுட் பல, வலையில் ஊர்ந்து ஒரு பக்கத்தையும் கண்டவை அல்ல. அவற்றின் நோக்கம் அளப்பதன்று, அகப்படுத்துவது. அவை மூவகைப்படும். ஆசை காட்டுவன ஒருவகை; அச்சம் காட்டுவன ஒருவகை; திறவுகோலைக் கேட்பன மற்றொருவகை.

ஆசை காட்டும் கருவி முதலில் ஒரு மதிப்பெண்ணைக் காட்டும். ‘உம் தளத்தின் மதிப்பு நூற்றுக்குப் பன்னிரண்டே’ என்று கூறும். தளத்திற்குரியவர் மனம் வாடும். உடனே அதன்கீழ், ‘ஆயிரம் இணைப்புகள், குறைந்த விலை, ஏழே நாள்’ என்னும் விளம்பரம் தோன்றும். குறையைக் கண்டவனும் அவனே. மருந்தை விற்பவனும் அவனே. எடை போடுபவன் கையிலேயே இலாபமும் இருந்தால் முள் எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அவ்வாறு வாங்கிய ஆயிரமும் முன்னே கூறிய பொய்ச்சாட்சிகளே. அவற்றைக் கூகுள் புறக்கணித்தால் கொடுத்த பொருள் வீண். தண்டித்தால் பொருளோடு பெயரும் வீண்.

அச்சம் காட்டும் கருவி வேறு வழியில் வரும். ‘உம் தளத்தை நச்சு இணைப்புகள் சூழ்ந்துள்ளன, இன்றே நீக்காவிடில் தளம் அழியும்’ என்று அது எழுதும். வேண்டாத இணைப்புகளை ஒதுக்குமாறு தெரிவிக்கும் வசதி ஒன்றைக் கூகுள் 2012 அக்டோபரில் ஏற்படுத்தியது உண்மையே. ஆனால், பெரும்பாலான தளங்களுக்கு அது தேவைப்படாது என்றும், எவ்விணைப்பை நம்புவது என்பதைத் தன்னால் பெரும்பாலும் அறிந்துகொள்ள முடியும் என்றும், தவறாகப் பயன்படுத்தினால் தீங்கே விளையும் என்றும் கூகுளே எழுதி வைத்திருக்கின்றது. இதனை அறியாதவர், அச்சத்தால் பணம் கொடுத்து, நல்ல இணைப்புகளையும் தம் கையாலேயே வெட்டி எறிகின்றனர். களை எடுக்கச் சொல்லிப் பயிரை அழிக்கச் செய்யும் வேலை இது.

திறவுகோலைக் கேட்கும் கருவியே மூன்றனுள்ளும் கொடியது. அது கடவுச்சொல்லைக் கேட்கும்; அல்லது, உலாவியில் ஒரு நீட்சி நிரலைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும்; அல்லது, ‘அறிக்கையைப் பெற இதனை இறக்குக’ என்று ஒரு பொத்தானைக் காட்டும். உள்வரும் இணைப்பு என்பது உலகறிய வெளியில் கிடப்பது. அதனை எண்ணுவதற்கு ஒருவருடைய வீட்டுத் திறவுகோல் எதற்கு? தெருவில் நிற்கும் மரங்களை எண்ண வந்தவன் பெட்டிச் சாவியைக் கேட்டால் அவனைக் கணக்கன் என்பார் எவரும் இலர்.

கைத்தறித் துணி விற்கும் சிறு குடும்பம் ஒன்று தனக்கென ஒரு தளத்தை அமைத்தது என்று கொள்க. துணி நல்லது, உழைப்பு உண்மையானது, ஆனால், தளத்தை நாடி வருவோர் சிலர். குடும்பத்தின் மூத்த மகன் ஓர் இலவசக் கருவியை நாடுகின்றான். அது குறைந்த மதிப்பெண்ணைக் காட்டுகின்றது, இணைப்புகளை விற்கின்றது. அவன் நூல் வாங்க வைத்திருந்த பணத்தை அதற்குக் கொடுக்கின்றான். அடுத்த வாரம் அதே கருவி ‘மதிப்பெண் நாற்பது’ என்று காட்டுகின்றது. வீட்டில் மகிழ்ச்சி பொங்குகின்றது. ஆனால், தேடுபொறியில் அத்தளம் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. சில திங்களில் அவ்விடத்தையும் இழக்கின்றது. கருவி கூறிய எண் உயர்ந்தது. துணி வாங்கும் கை ஒன்றும் மிகவில்லை. அக்குடும்பம் செய்த பிழை யாது? உழைப்பில் பிழையில்லை; துணியில் பிழையில்லை. கோலைச் சோதியாமல் நிறையை நம்பியதே பிழை.

அங்ஙனமாயின், கருவியைச் சோதிப்பது எங்ஙனம்? அதற்குப் பெரும்புலமை வேண்டுவதில்லை. சில வினாக்களை முறையாகக் கேட்டால் போதும்.

அக்கருவி யாது கேட்கின்றது என்பது முதல் வினா. தளத்தின் முகவரியை மட்டும் கேட்டால் அது முறை. கணக்குத் தொடங்க மின்னஞ்சல் முகவரியைக் கேட்டாலும் குற்றமில்லை. கடவுச்சொல்லைக் கேட்டால் அந்நொடியே அப்பக்கத்தை மூடிவிடுதல் வேண்டும். தளத்தின் உள்விவரங்களைப் பிறர் ஒருவர் காணவேண்டிய தேவை உண்மையிலேயே நேரலாம். அப்பொழுதும், கடவுச்சொல்லைக் கொடாமலே அவர்க்கு அளவான உரிமை மட்டும் வழங்கக் கூகுளின் சர்ச் கன்சோலில் வழி உண்டு; வேண்டாதபோது அவ்வுரிமையைத் திரும்பப் பெறவும் வழி உண்டு.

அக்கருவியை நடத்துவோர் எதனால் பிழைக்கின்றனர் என்பது இரண்டாம் வினா. அளந்து சொல்வதற்குக் கூலி வாங்குவோர் அளவில் கருத்தாக இருப்பர். அளவு பிழைத்தால் அவர் தொழில் கெடும். இணைப்புகளை விற்றுப் பிழைப்போர்க்கு அளவு ஒரு தூண்டில் மட்டுமே. விலை, கட்டண முறை, வேண்டாதபோது விலகும் வழி ஆகியவற்றைத் தெளிவாக எழுதி வைத்திருப்போர் ஓரளவேனும் நம்பத்தக்கவர். சேரும் வாயில் அகலமாகவும் விலகும் வாயில் மறைவாகவும் அமைந்த இடம் ஐயத்திற்குரியது.

மூன்றாவது சோதனை எல்லாவற்றினும் சிறந்தது. நிறை தெரிந்த பொருளை நிறுத்துப் பார்ப்பது அது. தளத்திற்குரியவர்க்குத் தம்மைச் சுட்டும் இணைப்புகள் சிலவேனும் முன்னரே தெரிந்திருக்கும். நண்பர் ஒருவர் தம் தளத்தில் எழுதியது ஒன்று இருக்கலாம். செய்தி இதழ் ஒன்று குறிப்பிட்டது இருக்கலாம். அவை அக்கருவியின் பட்டியலில் உள்ளனவா என்று பார்க்கலாம். பின்னர், பட்டியலில் உள்ள பத்து இணைப்புகளைத் திறந்து, அவை சொன்ன இடத்தில் உண்மையாகவே இருக்கின்றனவா என்றும் பார்க்கலாம். தெரிந்தவற்றுள் ஒன்றும் காணாத கருவி குருடு. இல்லாதவற்றைக் காட்டும் கருவி பொய். மறைந்துபோன இணைப்பை மறைந்தது என்றும், கடைசியாகக் கண்ட நாள் இன்னது என்றும் கூறும் கருவி நேர்மையுடையது.

எதனை எண்ணுகின்றது என்பது நான்காம் வினா. ஒரே தளத்தின் ஆயிரம் பக்கங்களிலும் அடியில் ஒரே இணைப்பு இடப்பெற்றிருக்கலாம். அதனை ஆயிரம் இணைப்பு என்றும் கூறலாம். ஒரு தளம் என்றும் கூறலாம். இரண்டும் கணக்கே, ஆனால், சாட்சி ஒருவரே. ஒருவர் ஆயிரம் முறை கூறினால் ஆயிரவர் கூறியதாகாது. இணைப்புகளின் எண்ணிக்கை, அவை வந்த தளங்களின் எண்ணிக்கை ஆகிய இரண்டனையும் பிரித்துக் காட்டும் கருவியே கற்றோர் கைக்கொள்ளத் தக்கது. பெரிய எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் காட்டும் கருவி கண்ணைக் கவர்கின்றது, கருத்தை மயக்குகின்றது.

மதிப்பெண்ணைப் பற்றியும் இங்கே கூறுதல் வேண்டும். ‘டொமைன் அத்தாரிட்டி’, ‘டொமைன் ரேட்டிங்’ என்றெல்லாம் கருவிகள் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பிடுகின்றன. இவை அந்தந்த நிறுவனத்தார் தாமே வகுத்த மதிப்புகள். கூகுள் இட்ட மதிப்பெண்கள் அல்ல. கூகுளும் ஒரு காலத்தில் தன் மதிப்பினைச் சுழியம் முதல் பத்து வரை எண்ணிட்டு, உலாவியில் சேர்க்கும் தன் கருவிப்பட்டையின் வழியே 2000-ஆம் ஆண்டு முதல் ஊரறியக் காட்டி வந்தது. விளைந்தது யாது? அவ்வெண்ணைப் பார்த்தே மக்கள் இணைப்புகளுக்கு விலை பேசினர். இறுதியில், 2016-இல் கூகுள் அதனைக் காட்டுவதையே நிறுத்திவிட்டது. அளவு பண்டமானால் அளவு கெடும் என்பதற்கு இதுவே சான்று. நேர்மையான நிறுவனத்தார் தரும் மதிப்பெண்ணும் ஒரு குறிப்பே, தீர்ப்பன்று.

நடத்துவோர் யாவர் என்பது ஐந்தாம் வினா. தம் பெயரும் இருப்பிடமும் கூறாதவர் பிறர் பெயரை எடை போடத் தகுதியற்றவர். நேர்மையான கருவியின் கிராலர் தன் பெயரைச் சொல்லியே ஒவ்வொரு தளத்திற்குள்ளும் நுழைகின்றது. ‘இவ்வறைக்குள் வரற்க’ என்று தளத்தார் எழுதி வைக்கும் ‘ரோபாட்ஸ்’ குறிப்பிற்கும் அது பணிகின்றது. 1994-இல் வழக்காகத் தோன்றிய அம்முறை 2022-இல் இணையத்தின் எழுதப்பெற்ற நெறியாயிற்று. தளப்பெயர் பதிவான நாளைப் பொதுப் பதிவேட்டிலும், தளத்தின் பழைய தோற்றத்தை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் காப்பகத்திலும் காணலாம். நேற்றுத் தோன்றிய தளம் பல்லாண்டுப் பெருமை பேசினால் அங்கே குட்டு வெளிப்படும். முகவரியின் அருகே தோன்றும் பூட்டுக் குறியை மட்டும் நம்புதல் கூடாது. வழியில் பிறர் ஒற்றுக் கேளாதவாறு செய்தி செல்லும் என்பதே அதன் பொருள். செய்தியைப் பெறுபவன் நல்லவன் என்பது அதன் பொருளன்று. கள்வன் வீட்டுக் கதவிலும் நல்ல பூட்டு இருத்தல் கூடுமன்றோ?

‘விலை மிக்க கருவிகளை ஏழை எங்ஙனம் வாங்குவான்? இலவசக் கருவிகளை விட்டால் அவனுக்கு வேறு கதி யாது?’ என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. விடையும் உண்டு. தளம் தன்னுடையது என்பதை ஒருவர் மெய்ப்பித்தால், அதனைச் சுட்டும் இணைப்புகளைக் கூகுளின் சர்ச் கன்சோல் விலையின்றிக் காட்டும். மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியும் இவ்வாறு உதவும். அவை காட்டுவது முழுப் பட்டியல் அன்று, ஒரு பகுதியே. ஆயினும், சாட்சிகளை மதிப்பிடும் மன்றமே அளிக்கும் குறிப்பு அது. சிறு தளத்தின் தேவைக்கு அதுவே பெரும்பாலும் போதும். பிறர் தளத்தை ஆராய வேண்டியவர்க்கும், பெரிய தளத்தை நடத்துவோர்க்குமே விலைக்கருவி வேண்டும். ஏழ்மை போலியை நாடுதற்குக் காரணமாகாது. உண்மையான இலவசம் எது என்று அறியாமையே காரணமாகும்.

‘நல்ல கருவிகள் எனப்படுவனவும் ஒன்றுக்கொன்று மாறுபட்ட எண்களைக் காட்டுகின்றனவே; எதனை நம்புவது?’ என்று வினவுவோரும் உளர். ஒரே காட்டில் மூவர் புகுந்து பறவைகளை எண்ணினால் மூவர் கணக்கும் ஒன்றாயிராது. ஒருவர் கிழக்கே சென்றிருப்பார். ஒருவர் மாலையில் சென்றிருப்பார். கணக்கு வேறுபடுவதால் மூவரும் பொய்யர் ஆகார். வலைப்பரப்பு முழுவதையும் கண்டு முடித்த கிராலர் ஒன்றும் இல்லை. வேறுபாடு குற்றமன்று, எண்ணிய முறையை மறைப்பதே குற்றம். காட்டிற்குள் செல்லாமலே மரத்தடியில் அமர்ந்து ஓர் எண்ணைச் சொல்பவன் எவனோ, அவனே பொய்யன். ஒரு கருவியையே என்றும் பயன்படுத்தி, அதன் எண் காலப்போக்கில் ஏறுகின்றதா, இறங்குகின்றதா என்று நோக்குபவர் பயன் பெறுவர். இரு கருவிகளின் எண்களை ஒப்பிட்டு மகிழ்பவரும் வருந்துபவரும் வீணே காலம் கழிப்பர்.

நல்ல கருவியைத் தேர்ந்த பின்னும் மனிதன் செய்யவேண்டிய வேலை ஒன்று எஞ்சி நிற்கின்றது. கருவி விளக்கைப் போன்றது, பொருளைக் காட்டும். நல்லது, தீயது என்று தேறுவது கண்ணும் கருத்துமேயாம். பட்டியலில் உள்ள பக்கங்களை ஒருவர் தாமே திறந்து படித்தல் வேண்டும். சுட்டியவர் யாவர்? எதற்காகச் சுட்டினர்? படிப்பவர்க்குப் பயன்படும் என்று எண்ணிச் சுட்டினரா? இவ்வினாக்களுக்கு எந்த மதிப்பெண்ணும் விடை கூறாது. சிற்றூர் ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்க்காக இட்ட ஓர் இணைப்பினை ஏதேனும் ஒரு கருவி தாழ்வாக மதிப்பிடலாம். ஆயினும், உண்மையாகப் படித்து, உண்மையாக விரும்பி இட்ட அவ்வொன்று, விலைக்கு வந்த ஆயிரத்தினும் உயர்ந்தது. அதன் வழியே வரும் மக்கள் உண்மை மக்கள் அல்லரோ?

இச்செய்தி தளம் வைத்திருப்போர்க்கு மட்டும் உரியது என்று எண்ணுதல் கூடாது. நோயுற்ற பிள்ளைக்கு மருந்து தேடும் தாய் தேடுபொறியை நாடுகின்றாள். கடன் வாங்க விரும்பும் உழவன் அதனை நாடுகின்றான். முதற்கண் தோன்றுவதே நல்லது என அவர்கள் நம்புகின்றனர். அம்முதலிடம் பொய்ச்சாட்சியால் கிடைத்ததாயின், கெடுவது அத்தாயின் நம்பிக்கை, அவ்வுழவனின் வாழ்வு. ஆதலின், இணைப்பை விலைக்கு வாங்குபவர் தேடுபொறியை மட்டும் ஏமாற்றவில்லை. வழி கேட்டு நிற்கும் மக்களையே ஏமாற்றுகின்றனர். போலிக் கருவிக்குப் பொருள் கொடுப்பவர் அப்பொய்ச் சந்தைக்கு முதல் கொடுப்பவர் ஆகின்றனர்.

கருவிகள் மாறும். யாகூ நிறுவனம் இணைப்புகளைக் காண உதவும் கருவி ஒன்றை நடத்தி வந்தது. பலர் அதனையே சார்ந்திருந்தனர். 2011-இல் அது மூடப்பெற்றது. இன்றுள்ள கருவிகளும் ஒரு நாள் மறையலாம், புதியன தோன்றலாம். பெயர்களை மனப்பாடம் செய்தவர் அன்று திகைப்பர். வினாக்களை அறிந்தவர் திகையார். யாது கேட்கின்றது? எதனால் பிழைக்கின்றது? தெரிந்ததைச் சரியாகக் காட்டுகின்றதா? எதனை எண்ணுகின்றது? நடத்துவோர் யாவர்? இவ்வைந்தும் எக்காலத்திற்கும் பொருந்தும். இணைப்பறியும் கருவிக்கு மட்டுமன்றி, அளந்து சொல்வதாகக் கூறும் எக்கருவிக்கும் பொருந்தும்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று உண்டு. துலாக்கோல் நெல்லை விளைவிப்பதில்லை; விளைந்த நெல்லை நிறுத்துக் காட்டுகின்றது. அதுபோலவே, எக்கருவியும் நற்பெயரை விளைவிப்பதில்லை. படிப்பவர் தம் நண்பர்க்கும் காட்ட விரும்பும் ஒரு பக்கத்தை எழுதியவர், சாட்சியைத் தேடி அலைவதில்லை; சாட்சி அவரைத் தேடி வரும். அது மெல்ல வரும். ஆனால் நிலைத்து நிற்கும். உழைப்பால் நல்லதை ஆக்குதலும், அதனை அளக்கும் கோலைச் சோதித்துத் தெளிதலும் ஆகிய இரண்டும் ஒருங்கே உடையவரை எந்தப் போலியும் அணுகாது. அவ்விரண்டனையும் இளமையிலேயே பழகிக் கொள்வோர் தாமும் ஏமாறார். பிறரை ஏமாற்றவும் ஒருப்படார்.